பூமி சுழல்கிறது என்றுரைத்த ஆரியபட்டர்

பண்டைய இந்தியாவின் அறிஞர்கள் பலருடைய பிறந்த ஆண்டு நமக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் நூல்களில் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளவில்லை. ஆனால், ஆரியபட்டர் என்ற கணித மேதையின் பிறந்த ஆண்டை நாம் திட்டமாகக் கணக்கிட முடிகிறது. காரணம், அவர் தமது வயதை ஒரு கணக்காகவே எழுதி வைத்துச் சென்றார். கலியுகம் தொடங்கி அறுபதை அறுபதால் பெருக்கிய ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு 23 வயது நிறைந்திருந்ததாக அவர் ஒரு செய்யுளில் குறிப்பிட்டுள்ளார். அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600. கலியுகத்தின் 3,600ஆம் ஆண்டு என்பது கி.பி. 499 ஆகும். அதிலிருந்து 23 ஆண்டுகளைக் கழித்தால் கி.பி. 476 என்ற விடை கிடைக்கும். அதுவே ஆரியபட்டர் பிறந்த ஆண்டு.

அவருடைய காலத்தில் வட இந்தியாவில் குப்தப் பேரரசு நிலவியது. கங்கைக் கரையில் இருந்த பாடலிபுத்திரம் கல்விக்கும் கலைக்கும் பெயர்பெற்ற நகரமாக விளங்கியது. அதற்குக் குசுமபுரம், அதாவது மலர் நகரம், என்ற பெயரும் உண்டு. இன்று அவ்விடத்தில் பாட்னா நகரம் அமைந்துள்ளது. குசுமபுரத்தில் போற்றப்பட்ட கல்வியையே தாம் எடுத்துரைப்பதாக ஆரியபட்டர் தமது நூலில் கூறுகிறார். அவர் அசுமக நாட்டைச் சேர்ந்தவர் என்று ஏழாம் நூற்றாண்டில் அவருடைய நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் குறிப்பிடுகிறார். நருமதைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட பகுதியே அசுமக நாடு எனப்பட்டது.

சின்னஞ்சிறிய நூல்

ஆரியபட்டர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள நூல் ஆரியபட்டீயம். வடமொழியில் இயற்றப்பட்ட இந்நூலில் மொத்தம் 121 செய்யுள்களே உள்ளன. அது நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற்பகுதியான கீதிகாபாதத்தில் 13 செய்யுள்களும், கணிதபாதத்தில் 33 செய்யுள்களும், காலத்தைக் கணிக்கும் காலக்கிரியாபாதத்தில் 25 செய்யுள்களும், வானியலைப் பற்றிய கோளபாதத்தில் 50 செய்யுள்களும் அடங்கியுள்ளன.

இவ்வளவு பெரிய செய்திகளை இவ்வளவு சிறிய நூலில் அடக்க வேண்டிய தேவை என்ன? அக்காலத்தில் அச்சு இயந்திரம் இல்லை. ஓலையிலும் மரப்பட்டையிலும் எழுதினார்கள். மாணவர்கள் நூல் முழுவதையும் மனனம் செய்தே படித்தார்கள். எனவே, செய்யுள் சுருக்கமாக இருப்பது இன்றியமையாததாக இருந்தது. ஆனால், வானியலில் வரும் எண்களோ மிகப் பெரியவை. அவற்றைச் சொற்களால் எழுதினால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செய்யுள் தேவைப்படும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஆரியபட்டர் ஒரு புதிய வழியைக் கண்டார். அவர் எழுத்துகளையே எண்களாக்கினார். மெய்யெழுத்துகளுக்கு 1, 2, 3 என மதிப்புகளைத் தந்தார். உயிரெழுத்துகள் அம்மதிப்பு எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டின. இம்முறையால் 4,320,000 என்ற எண்ணை இரண்டே அசைகள் கொண்ட ஒரு சொல்லில் அவரால் அடக்க முடிந்தது. இன்று கணினியில் பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சேமிப்பதைப் போல, அவர் அன்றே எண்களைச் சுருக்கிச் செய்யுளில் சேமித்தார் எனலாம்.

கணிதத்தில் அவர் செய்தவை

ஆரியபட்டர் சுழியத்தைக் கண்டுபிடித்தார் என்று பலரும் கூறக் கேட்டிருப்போம். இது முற்றிலும் சரியன்று. அவருடைய நூலில் சுழியத்திற்கான குறியீடு எங்குமே இல்லை. சுழியத்தைக் கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் பெருக்குவதற்கும் விதிகளை வகுத்தவர் அவருக்குப் பின் வந்த பிரம்மகுப்தர். அவ்விதிகள் கி.பி. 628ஆம் ஆண்டு எழுதப்பட்டன. ஆயினும், ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்பதை ஆரியபட்டர் தெளிவாக எழுதியுள்ளார். வர்க்க மூலத்தையும் கன மூலத்தையும் காண அவர் கற்பித்த வழிகளும் இந்த இட மதிப்பு முறையையே அடிப்படையாகக் கொண்டவை. சுழியம் வந்து அமர்வதற்கான இருக்கை அவர் காலத்திலேயே ஆயத்தமாக இருந்தது.

வட்டத்தின் சுற்றளவைப் பற்றி அவர் கூறியது இன்றும் வியப்பை அளிக்கிறது. நூறுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அதனுடன் 62,000ஐக் கூட்ட வேண்டும். விடை 62,832. விட்டம் 20,000 அளவுள்ள ஒரு வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய இதுவே என்றார் ஆரியபட்டர். 62,832ஐ 20,000ஆல் வகுத்தால் 3.1416 கிடைக்கும். இன்று நாம் 'பை' என்று அழைக்கும் மதிப்பு 3.14159 எனத் தொடர்கிறது. 20 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய வட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஆரியபட்டரின் மதிப்பைக் கொண்டு அதன் சுற்றளவைக் கணக்கிட்டால், உண்மையான அளவிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மட்டுமே வேறுபடும்.

இதைவிடச் சிறப்பான ஒன்றும் உண்டு. அவர் தமது விடையை முடிந்த முடிவு என்று கூறவில்லை. அண்மையானது என்ற பொருள்படும் சொல்லையே பயன்படுத்தினார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேரளத்தில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி அச்சொல்லின் ஆழத்தை விளக்கினார். விட்டத்தை மீதியின்றி அளக்கும் எந்த அளவுகோலாலும் சுற்றளவை மீதியின்றி அளக்க முடியாது என்பது அவருடைய விளக்கம். ஐரோப்பாவில் இவ்வுண்மையை 1761ஆம் ஆண்டு லம்பெர்ட் என்ற அறிஞர் நிறுவினார்.

இடைநிலைப்பள்ளிக் கணிதத்தில் நாம் பயிலும் 'சைன்' அட்டவணையும் ஆரியபட்டரின் நூலில் உள்ளது. அவர் ஒரு செங்கோணத்தை 24 சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பைக் காணும் எண்களை ஒரே செய்யுளில் அடுக்கினார். வில்லின் நாண் என்று பொருள்படும் 'ஜ்யா', 'ஜீவா' ஆகிய வடமொழிச் சொற்களால் அம்மதிப்பு அழைக்கப்பட்டது. அரபு அறிஞர்கள் அதை 'ஜீபா' என்று எழுதினர். அரபு எழுத்தில் உயிரொலிகள் விடுபடுவதால் பிற்காலத்தவர் அதனை மடிப்பு என்னும் பொருள்படும் 'ஜைப்' என்று படித்துவிட்டனர். இலத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதே பொருளைத் தரும் 'சினுஸ்' என்ற சொல்லைப் போட்டனர். அதுவே ஆங்கிலத்தில் 'சைன்' ஆயிற்று. மலாய்மொழியில் இன்றும் அது 'சினுஸ்' என்றே வழங்குகிறது. நம் வகுப்பறையில் ஒலிக்கும் அந்தச் சிறு சொல் பாடலிபுத்திரத்திலிருந்து பாக்தாத் வழியாக ஐரோப்பா சென்று, பிறகு மலேசியா வந்து சேர்ந்திருக்கிறது.

எட்டால் வகுத்தால் ஐந்தும், ஒன்பதால் வகுத்தால் நான்கும், ஏழால் வகுத்தால் ஒன்றும் மீதி வரும் எண் எது? ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துப் பார்த்தால் நேரம் வீணாகும். பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சிறிய எண்களாக்கி இத்தகைய கணக்குகளுக்கு விடை காணும் முறையை ஆரியபட்டர் தந்தார். உரலில் இட்டுப் பொடியாக்குவது போன்ற முறை என்பதால் அதற்குக் குட்டகம் என்று பெயர் வந்தது. மேற்கண்ட கணக்கின் விடை 85.

ஆரியபட்டர் கூறியவை அனைத்தும் சரி என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கூம்பகத்தின் கன அளவைக் காண, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்கச் சொன்னார். மூன்றால் வகுப்பதே சரியானது. கோளத்தின் கன அளவுக்கு அவர் தந்த விதியும் பிழையானது. பின்னால் வந்த இந்தியக் கணித அறிஞர்கள் இவற்றைத் திருத்தினர். மேதைகளும் தவறுவதுண்டு, அத்தவறுகளைத் திருத்தித் திருத்தித்தான் அறிவியல் வளர்கிறது.

படகும் கரையும்

ஆரியபட்டரின் கருத்துகளுள் மிகவும் துணிச்சலானது பூமியைப் பற்றியது. பூமி உருண்டையானது, எந்தத் தாங்கலும் இன்றி வெளியில் நிற்கிறது என்றார் அவர். உருண்டையான பூமியின் அடிப்பக்கத்தில் உள்ளவர்கள் விழுந்துவிட மாட்டார்களா என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கு அவர் கடம்ப மலரை உவமை காட்டினார். முருகப் பெருமானுக்கு உரியதாகத் தமிழர் போற்றும் கடம்ப மலர் பந்து போன்றது. அதன் எல்லாப் பக்கமும் சிறுசிறு பூக்கள் சூழ்ந்திருக்கும். அவ்வாறே பூமியின் எல்லாப் பக்கமும் உயிர்கள் சூழ்ந்துள்ளன என்று விளக்கினார்.

நாள்தோறும் கதிரவனும் விண்மீன்களும் கிழக்கே தோன்றி மேற்கே மறைகின்றன. வானம் சுழல்வதாகவும் பூமி அசையாமல் இருப்பதாகவும் அக்காலத்தவர் நம்பினர். கண்ணால் காண்பதும் அவ்வாறுதானே இருக்கிறது! ஆரியபட்டர் இதை மாற்றி யோசித்தார். படகில் முன்னோக்கிச் செல்பவருக்குக் கரையில் உள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும். அதுபோலவே, கிழக்கு நோக்கிச் சுழலும் பூமியில் இருப்பவர்களுக்கு அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுகின்றன என்றார்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகில் சென்றவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். படகு புறப்பட்டதும் கரையோரச் சதுப்புநிலக் காடுகள் பின்னோக்கி நகர்வதைப் போலத் தோன்றும். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சில் உள்ள கே.எல். செண்ட்ரல் நிலையத்திற்குக் கொமுட்டர் இரயிலில் வருவோரும் இதை உணரலாம். நிலையத்தில் நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் உள்ள இரயில் நகரத் தொடங்கினால், நாம்தான் நகர்கிறோமோ என்று ஒரு கணம் குழம்பிப்போவோம். நகர்வது எது, நிற்பது எது என்பதைக் கண் மட்டுமே முடிவு செய்ய இயலாது. இயற்பியலில் இதனைச் சார்பு இயக்கம் என்பர்.

பூமி சுழலும் வேகத்தையும் ஆரியபட்டர் குறிப்பிட்டார். வட்டம் 360 பாகைகளைக் கொண்டது. ஒவ்வொரு பாகையும் 60 கலைகளைக் கொண்டது. ஆகவே, ஒரு வட்டத்தில் 21,600 கலைகள் உள்ளன. ஒரு நாளையும் அவர் 21,600 மூச்சுகளாகப் பகுத்தார். ஒரு மூச்சு நேரத்தில் பூமி ஒரு கலை அளவு சுழல்கிறது என்பது அவருடைய முடிவு. ஒரு மூச்சு என்பது ஏறத்தாழ நான்கு விநாடி. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. எனவே, இந்நகரில் இருப்பவர் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் பூமியின் சுழற்சி அவரை ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் கிழக்கே கொண்டுசென்றுவிடுகிறது!

4,320,000 ஆண்டுகளில் பூமி 1,582,237,500 முறை சுழல்கிறது என்பது ஆரியபட்டரின் கணக்கு. இதிலிருந்து பூமி விண்மீன்களை ஒப்பிட்டு ஒருமுறை சுழல ஆகும் நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். அது 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. இன்றைய நுண்கருவிகள் தரும் அளவும் இதுவே. தொலைநோக்கி இல்லாத காலத்தில் இத்துணைத் துல்லியம் எப்படிச் சாத்தியமாயிற்று? தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளும், நெடுங்கால அளவைக் கொண்டு சராசரி காணும் முறையும் கைகொடுத்தன. 24 மணி நேரத்திற்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் குறைவாக இருப்பதால்தான், ஒரு விண்மீன் ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கிறது.

எனினும், கோள்களும் கதிரவனும் பூமியைச் சுற்றி வருகின்றன என்றே ஆரியபட்டர் கருதினார். பூமி தன்னைத்தானே சுற்றுவதைக் கூறிய அவர், பூமி கதிரவனைச் சுற்றுவதாகக் கூறவில்லை.

எதிர்ப்பும் எழுத்து மாற்றமும்

புதிய கருத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆறாம் நூற்றாண்டில் உச்சயினியில் வாழ்ந்த வராகமிகிரர் சிறந்த வானியல் அறிஞர். பூமி சுழன்றால் வானில் பறக்கும் பறவைகள் தங்கள் கூட்டுக்கு எப்படித் திரும்ப முடியும் என்று அவர் கேட்டார். பிரம்மகுப்தர் தமது 30ஆவது வயதில் எழுதிய நூலில் ஆரியபட்டரைக் கடுமையாகத் தாக்கினார். பூமி சுழன்றால் உயரமான பொருள்கள் ஏன் சாய்ந்து விழுவதில்லை என்பது அவருடைய கேள்வி.

இவை அறியாமையால் எழுந்த கேள்விகள் அல்ல. அறிவியல் நோக்கில் கேட்கப்பட வேண்டிய நல்ல கேள்விகளே. அவற்றுக்கு விடை ஆரியபட்டரின் நூலிலும் இல்லை. அவ்விடை கிடைக்க உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1632ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓடும் கப்பலை எடுத்துக்காட்டி இதை விளக்கினார். சீரான வேகத்தில் ஓடும் இரயிலுக்குள் ஒருவர் மேலே குதித்தால், குதித்த இடத்திலேயே வந்து இறங்குவார். இரயிலின் வேகம் அவருக்கும் உண்டு என்பதே காரணம். அவ்வாறே, மரத்திலிருந்து பறக்கும் பறவைக்கும் அதைச் சூழ்ந்துள்ள காற்றுக்கும் பூமியின் வேகம் உண்டு. எனவே, பறவை கூட்டைத் தவறவிடுவதில்லை.

எதிர்த்தவர்களைவிட, ஆரியபட்டரைப் போற்றியவர்களே அவருடைய கருத்தை அதிகமாக மறைத்தார்கள் என்பது வியப்பான செய்தி. தங்கள் ஆசான் இப்படித் தவறாகக் கூறியிருக்க மாட்டார் என்று உரையாசிரியர்கள் பலர் எண்ணினர். படகு உவமைக்கு வேறு பொருள் கூறினர். சுழற்சியைப் பற்றிய செய்யுளில் பூமியைக் குறிக்கும் 'பூ' என்ற சொல்லின் இடத்தில், விண்மீன்களைக் குறிக்கும் 'பம்' என்ற சொல் புகுந்தது. எழுத்தில் சிறு மாற்றம்தான். ஆனால், பொருள் தலைகீழாகிவிட்டது. ஒரு மூச்சில் ஒரு கலை சுழல்வது பூமி என்பது போய், விண்மீன் மண்டலம் என்றாயிற்று. அந்த மாற்றம் அப்படியே ஓலைகளில் படியெடுக்கப்பட்டு வந்தது.

அப்படியானால், ஆரியபட்டர் உண்மையில் எழுதியது என்ன என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவரை எதிர்த்த பிரம்மகுப்தர். மறுப்பதற்காக அவர் ஆரியபட்டரின் கருத்தை உள்ளது உள்ளபடி தமது நூலில் எடுத்து எழுதியிருந்தார். அங்கே 'பூ' என்ற சொல் மாறாமல் இருந்தது. எதிராளியின் கருத்தைத் திரிக்காமல் எடுத்துரைத்த பிரம்மகுப்தரின் நேர்மை, ஆரியபட்டரின் பெருமையைக் காத்தது. பின்னாளில், 67 வயதளவில் பிரம்மகுப்தர் எழுதிய இன்னொரு நூலில், ஆரியபட்டரின் கணக்குமுறையையே பின்பற்றினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரின் நூலுக்கு உரை எழுதிய பிருதூதகர், பூமி சுழல்கிறது என்ற கருத்தே ஏற்புடையது என்று ஆரியபட்டரின் பக்கம் நின்றார்.

நிழலே கிரகணம்

கதிரவனையும் நிலவையும் பாம்பு விழுங்குவதால் கிரகணம் ஏற்படுகிறது என்ற நம்பிக்கை பரவியிருந்த காலத்தில், ஆரியபட்டர் நிழலைக் கொண்டு அதனை விளக்கினார். நிலவுக்குத் தனி ஒளி இல்லை. கதிரவனை நோக்கிய பாதியே ஒளி பெறுகிறது. நிலவு கதிரவனை மறைக்கும்போது சூரிய கிரகணமும், பூமியின் பெரிய நிழல் நிலவை மூடும்போது சந்திர கிரகணமும் உண்டாகின்றன. அந்நிழலின் நீளத்தையும் அகலத்தையும் கிரகணம் நீடிக்கும் நேரத்தையும் கணக்கிடும் வழிகளை அவர் தந்தார். அச்சம் தந்த ஒரு நிகழ்வு, முன்கூட்டியே கணக்கிடக்கூடிய நிகழ்வாக மாறியது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மலேசியாவில் சூரிய கிரகணம் தெரிந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் முழுச் சந்திர கிரகணத்தை இந்நாட்டில் காண முடிந்தது. இவை நிகழும் நேரத்தை வானியலாளர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தனர். அக்கணக்கின் அடிப்படை, நிழலை அளக்கும் அதே வடிவியல்தான்.

எல்லை கடந்த அறிவு

ஆரியபட்டீயம் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அல்பிரூனி, ஆரியபட்டரைப் பற்றியும் குறிப்பிட்டார். தெற்கே கேரளத்தில் அந்நூல் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அங்கு வாழ்ந்த பரமேசுவரர் அதற்கு உரை எழுதியதோடு, ஏறக்குறைய 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்துக் கணக்குகளைத் திருத்தினார். ஆசானின் சொல்லை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே உண்மையான குருபக்தி என்பதை அவருடைய உழைப்பு காட்டுகிறது.

தமிழர்களின் அன்றாட வாழ்விலும் ஆரியபட்டரின் சுவடு உண்டு. தமிழர்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என இரு வகைப்படும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இது ஆரியபட்டர் வகுத்த ஆண்டின் அளவேயாகும். திருக்கணிதம் தற்கால வானியல் அளவுகளைக் கொண்டது. உண்மையான விண்மீன் ஆண்டு, ஆரியபட்டரின் ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றரை நிமிடம் குறைவு. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டு பஞ்சாங்கங்களிலும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் புரட்டும்போது, 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கணக்கின் தொடர்ச்சியையும் நாம் புரட்டுகிறோம்.

1543ஆம் ஆண்டு போலந்து அறிஞர் கோப்பர்னிக்கசின் நூல் வெளிவந்தது. பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு கதிரவனையும் சுற்றுகிறது என்று அந்நூல் கூறியது. அந்நூலும் எதிர்ப்பைச் சந்தித்தது. பூமி சுழல்கிறது என்ற உண்மை மெல்ல மெல்ல உலகெங்கும் நிலைபெற்றது. இந்தியா தான் உருவாக்கிய முதல் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டரின் பெயரையே சூட்டியது. 360 கிலோகிராம் எடையுள்ள அக்கோள் 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. பூமி சுழல்கிறது என்று மண்ணிலிருந்து கணித்தவரின் பெயரைத் தாங்கிய கருவி, விண்ணிலிருந்து பூமியைச் சுற்றி வந்தது.

ஆரியபட்டருக்கு அரண்மனை வாழ்வோ, பெரும் போர் வெற்றியோ இருந்ததாக எந்தக் கதையும் இல்லை. அவர் விட்டுச் சென்றவை 121 செய்யுள்கள். அவற்றில் சில பிழைகளும் உண்டு. ஆனால், எல்லாரும் கண்ணால் கண்டு நம்பிய ஒன்றை அவர் கேள்வி கேட்டார். விடையை எண்ணால் எழுதினார். முழுமையாகத் தெரியாத இடத்தில் அண்மையானது என்று ஒப்புக்கொண்டார். பழம்பெருமை பேசுவது எளிது. அப்பெருமையைத் தேடித்தந்த பழக்கங்களாகிய உற்றுநோக்கலையும் கணக்கிடுதலையும் கேள்வி கேட்கும் துணிவையும் தம் வாழ்வில் கைக்கொள்ளும் மாணவர்களே ஆரியபட்டரின் உண்மையான வழித்தோன்றல்கள் ஆவர்.